செம்பனை ஓரத்து மஞ்சள் கொடிகள் இரண்டு: பூ, விதை, மகரந்தம் வைத்துப் பிரிப்பது எப்படி?

பெர்ஜுந்தை தேன்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியா, பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கிறேன், இப்போது பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும். வீட்டுக்குப் பின்னால் கெலுலுட் (கொட்டாத சிறு தேனீ) குடியிருக்கிற கட்டைகள் சில வைத்திருக்கிறேன், வேலியைத் தாண்டினால் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டம்தான். எந்தப் பூவிலிருந்து எதை எடுத்து வருகின்றன என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு வேலியோரம் பூக்கிற காட்டுச்செடிகளுக்கு ஒரு பட்டியல் போட ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் பெயர் கிடைத்துவிட்டது, இரண்டு கொடியில் வந்து மாட்டிக்கொண்டேன்.

முதல் கொடிக்கு இலை முழுசாக இதய வடிவம். பூ வெளிர் மஞ்சள், கிட்டத்தட்ட பால் நிறம் என்றே சொல்லலாம், தொண்டையில் மட்டும் கருஊதா. காலையில் விரிந்து வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். இரண்டாவது கொடியின் பூ அதில் பாதிகூட இராது, நல்ல மஞ்சள், தொண்டையில் கறை கிடையாது, அதன் இலை சிலது முழுசாகவும் சிலது மூன்றாகப் பிளந்தும் ஒரே கொடியிலேயே இருக்கிறது. போனில் உள்ள செயலியில் படம் போட்டால் ஒரு நாள் ஐபோமியா என்கிறது, மறுநாள் அதே கொடியை மெர்ரீமியா என்கிறது. இரண்டுமே ஒரு குடும்பம் என்பது வரை எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட நுண்ணோக்கி ஒன்று என்னிடம் இருக்கிறது, 4, 10, 40 மடங்கு லென்ஸ் மூன்றும் நன்றாகவே வேலை செய்கின்றன. அதில் முதல் கொடியின் மகரந்தத்தை வைத்துப் பார்த்தால் முள் முள்ளாக உருண்டை தெரிகிறது. ஆனால் வாசலில் படர்ந்திருக்கிற மஞ்சள் வெடேலியாவிலும் முள் உருண்டைதான், பக்கத்து வீட்டுச் செம்பருத்தியிலும் முள் உருண்டைதான். அப்படியென்றால் முள்ளை வைத்து என்ன சொல்ல முடியும்? காயும் விதையும் இரண்டிலும் பறித்துக் காகித உறையில் போட்டு வைத்திருக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் பார்த்துவிட்டு வருகிறேன்.

இன்னொன்று. செண்டுடோக் என்கிற ஊதாப் பூச்செடி வேலி முழுக்க இருக்கிறது, மகரந்தமும் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது, ஆனால் கெலுலுட் அதைச் சட்டை செய்வதே இல்லை. ஏன்?

---

பழைய லேப் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. முள் இருக்கிறதா என்பதோடு நிற்காமல் எவ்வளவு பெரிய உருண்டை, அதில் துளை எத்தனை என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

வெடேலியா சூரியகாந்திக் குடும்பம். அந்தக் குடும்பத்து மகரந்தம் பெரும்பாலும் 20 முதல் 40 மைக்ரான் வரைதான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), முள் உண்டு, மூன்று திறப்பு உண்டு. ஐபோமியா மகரந்தம் அதைவிடப் பல மடங்கு பெரிது, 100 மைக்ரானை ஒட்டி இருக்கும், உருண்டை முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள் பரவியிருக்கும், நடுவே முள் நிமிர்ந்து நிற்கும். செம்பருத்தியும் கிட்டத்தட்ட அதே கணக்குதான், 100 மைக்ரானைத் தாண்டும், அதனால் இந்த இரண்டையும் தேன் மாதிரியில் குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆனால் நீங்கள் கொடியில் இருக்கிற பூவிலிருந்து நேராக எடுக்கிறீர்கள், அதனால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஐபோமியாவின் மகரந்தத்தில் முள் உண்டு, மெர்ரீமியாவில் முள் கிடையாது. மெர்ரீமியாவில் மேல்பரப்பு வழவழவென்று இருக்கும், வட்டத் துளைக்குப் பதிலாக நீளவாக்கில் பிளவு இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹல்லியர் என்ற ஜெர்மன்காரர் இந்தக் குடும்பத்தையே முள் மகரந்தக் கூட்டம், முள்ளில்லாக் கூட்டம் என்று இரண்டாகப் பிரித்தது இதை வைத்துத்தான். உங்கள் செயலி தடுமாறுவதில் ஆச்சரியமே இல்லை, மேலிருந்து எடுத்த பூப் படத்தில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

அளவு எடுப்பது எப்படி என்று கேட்பீர்கள். ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக் அடிக்கோலை 4 லென்ஸில் வைத்துப் பாருங்கள், வட்டத்துக்குள் எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணுங்கள். பெரும்பாலான பள்ளிக்கூட நுண்ணோக்கியில் நாலரை மில்லிமீட்டர் வரும். 10 லென்ஸுக்கு மாற்றினால் அது 1.8 ஆகிவிடும். அந்த வட்டத்தின் குறுக்கே 18 உருண்டைகளை வரிசையாக அடுக்க முடியும் என்று தோன்றினால் ஓர் உருண்டை 100 மைக்ரான். வெடேலியாவாக இருந்தால் அறுபது எழுபது அடுக்கலாம். துல்லியம் கிடையாது, ஆனால் உங்கள் கேள்விக்கு இது தாராளமாகப் போதும்.

மகரந்தத்தை வெறும் தண்ணீரில் போடாதீர்கள், பல மகரந்தம் ஊதி வெடித்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கிற ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டு, அது காய்ந்ததும் ஓரத்தில் எண்ணெய்க் கறை மாதிரி ஒன்று ஒதுங்கும், அதைத் துடைத்துவிட்டு கிளிசரின் ஒரு சொட்டு விட்டு மூடுதகடு போடுங்கள். அந்த எண்ணெய்ப் பசையைக் கழுவாமல் பார்த்தால் முள்ளுக்கு நடுவே அது அடைத்துக்கொண்டு, முள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. கிளிசரினில் வைத்த தகட்டை ஒரு வாரம் கழித்து எடுத்து அளக்கவும் கூடாது, மகரந்தம் பெருத்துப்போயிருக்கும்.

இணையத்தில் தேடினால் அசிட்டாலிசிஸ் என்று ஒரு முறை வரும், மகரந்தத்தின் மேல்தோடு மட்டும் மிஞ்சுகிற மாதிரி அமிலத்தில் வேகவைப்பது. படம் அபாரமாக வரும். அதில் அசிட்டிக் அன்ஹைட்ரைடும் அடர் கந்தக அமிலமும் ஒன்பதுக்கு ஒன்று என்று கலக்கிறார்கள், ஒரு துளி தண்ணீர் பட்டால் சீறும். நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றுகிற ஆய்வகப் புகைப்பெட்டி இல்லாத இடத்தில் அதைத் தொடவே வேண்டாம். வீட்டுச் சமையலறையில் செய்கிற வேலை இல்லை அது.

---

லயத்து மருமகள் எழுதியது:

மகரந்தம் எல்லாம் படித்தவர்கள் சமாசாரம், நான் சொல்வது வேறு. தம்பி, தோட்டத்து வேலியோரம் பூ இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறீர்கள், புல் மருந்து அடிக்கிற சுற்று எப்போது வருகிறது என்று மண்டோரிடம் (தோட்டத்துக் கங்காணி) கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கிற அன்றைக்குக் காலையில் கட்டை வாயை வலையால் மூடி வையுங்கள். நீங்கள் சொல்கிற கொடிகளைத்தான் முதலில் அடிப்பார்கள், இளம் பனையில் ஏறிக் குருத்தை மூடிவிடும் என்பதால்.

எங்கள் பக்கம் கெலுலுட் அதிகம் போகிறது வெள்ளைப் பூ ரும்புட் இஸ்ரேலுக்குத்தான். நாள் முழுக்க அதில்தான் கிடக்கும். அது வேண்டாத புல் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணிமார் சொல்வார்கள், ஆட்டுக்காரர்கள் அறுத்துக்கொண்டு போவார்கள். பூவின் கீழ் உதட்டில் ஊதாக் கறை இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் அடையாளம். காய் காய்ந்தபிறகு உச்சி வெயிலில் பக்கத்தில் நின்றால் சடசடவென்று வெடிக்கிற சத்தமே கேட்கும், விதை கன்னத்தில் வந்து அடிக்கும்.

எனக்கு ஒரு சந்தேகம், தனியாகக் கேள்வி போட வேண்டாம் என்று இங்கேயே கேட்கிறேன். என் மாமியார் சாலை நடுவே நட்டிருக்கிற மஞ்சள் பூச்செடியைப் பறித்து வந்து மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று பொரியல் செய்கிறார். எனக்கு என்னமோ அது கரிசலாங்கண்ணி இல்லை என்றே படுகிறது. சொன்னால் கேட்க மாட்டார், ஊரில் எங்கள் அம்மா இதைத்தான் சமைப்பார் என்கிறார்.

---

செர்டாங் தாவரம் எழுதியது:

அக்கா சொல்கிற வெள்ளைப் பூ அஸிஸ்டேசியா கேஞ்செட்டிக்கா. நம் தோட்டங்களில் பரவியிருப்பது மைக்ராந்தா என்ற துணை இனம், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதே இனத்தில் பூ இன்னும் பெரிதாக, இளம் ஊதாவில் வருவது வேறு துணை இனம், அதைத் தொட்டியில் அழகுக்கு வளர்ப்பார்கள். அதன் காயைப் பிளந்து பார்த்தால் விதைக்கு அடியில் கொக்கி மாதிரி ஒன்று விறைப்பாக நிற்கும். காய் இரண்டாகப் பிளக்கும்போது விதையை விசிறி எறிய உதவுவது அந்தக் கொக்கிதான். நாலு விதை வரை இருக்கும், தட்டையாக, மேலே கரடுமுரடாக. அஸிஸ்டேசியாவின் குடும்பத்தில் பெரும்பாலான செடிகளுக்கு இந்தக் கொக்கி உண்டு, பூ இல்லாத நேரத்தில்கூடக் காய்ந்த காயை வைத்துக் குடும்பம் சொல்லிவிடலாம்.

கொடிக்கு வருகிறேன் அண்ணே. லேப் சார் சொன்ன முள் சோதனையை முதலில் செய்யுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். மகரந்தம் இங்கே பேரினம் வரைதான் கொண்டுபோய் விடும். ஐபோமியா என்று தெரிந்தபிறகு எந்த ஐபோமியா என்பதற்குப் புல்லி இதழையும் காயையும்தான் பார்க்க வேண்டும். சூல்முடியைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், இரண்டு பேரினத்திலும் அது இரட்டை உருண்டைதான். மகரந்தப்பை முறுக்கிக்கொண்டிருந்தால் மெர்ரீமியா என்று சிலர் சொல்வார்கள், பல மெர்ரீமியாவில் முறுக்கும், எல்லாவற்றிலும் அல்ல, அதனால் அதை மட்டும் நம்பி முடிவு கட்ட முடியாது.

முதல் கொடி ஐபோமியா ஒப்ஸ்க்யூரா, தமிழில் சிறுதாளி என்று சொல்வது, அதுவாக இருந்தால் காய் முற்றும்போது புல்லி இதழ்கள் காயை விட்டு விலகி விரிந்தோ பின்னால் மடங்கியோ இருக்கும். காய் சுமார் 6 முதல் 8 மில்லிமீட்டர், உச்சியில் சின்னக் கூர் இருக்கும். விதை மேலே குட்டையான முடி படிந்து சாம்பல் பூசினமாதிரி தெரியும், லென்ஸ் இல்லாமல் பார்த்தால் தூசி என்று நினைப்பீர்கள்.

இரண்டாவது மெர்ரீமியா ஹெடரேசியா என்று சந்தேகப்படுகிறேன். அதன் புல்லி இதழைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நுனி கூராக முடியாமல், கத்தரியால் நேராக வெட்டினமாதிரி மொட்டையாக இருக்கும், அந்த மொட்டை நுனியின் நடுவில் மட்டும் ஊசி முனை அளவுக்கு ஒரு சின்ன நீட்சி. அப்படி ஒரு புல்லி இதழைப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது. காயும் சுருக்கம் விழுந்து கரடாக இருக்கும், நாலாகப் பிளக்கும், 5, 6 மில்லிமீட்டர்தான். பூவின் உட்பக்கம் அடியில் மெல்லிய முடி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு கூடுதல் தகவல். மெர்ரீமியா என்ற பேரினத்தையே 2017இல் பிரித்துப்போட்டு விட்டார்கள், மரபணு வைத்துப் பார்த்ததில் அது ஒரே குடும்பக் கிளை இல்லை என்று தெரிந்தது. காட்டோரத்தில் மரத்தையே மூடுகிற பெரிய இலைக் கொடி மெர்ரீமியா பெல்டாட்டா இப்போது டெகலோபாந்தஸ், மெர்ரீமியா அம்பெல்லாட்டா இப்போது கமோனியா. ஹெடரேசியா மட்டும் பழைய பெயரிலேயே நிற்கிறது. பழைய புத்தகத்தில் ஒன்றும் செயலியில் ஒன்றும் இருப்பதற்கு இதுவும் காரணம். முள்ளில்லா மகரந்தம் என்பது இவை எல்லாவற்றுக்கும் பொது, அதனால் முள் இல்லை என்றவுடன் ஹெடரேசியா என்று எழுதிவிட வேண்டாம்.

செண்டுடோக் கேள்விக்கு: பூவை ஒன்று பறித்து மகரந்தத்தாளைப் பாருங்கள், இரண்டு சாதி இருக்கும், நீளமான ஊதாவும் குட்டையான மஞ்சளும். மகரந்தப்பை நீளவாக்கில் பிளக்காது, நுனியில் ஒரே ஒரு சின்னத் துளை. உள்ளே தூள் நிறைய இருந்தாலும் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் அது வெளியே கொட்டும். கருவண்டு மாதிரி இருக்கிற பெரிய தச்சுத்தேனீ அதைச் செய்யும், பக்கத்தில் நின்றால் ரீங்காரத்தின் சுருதி மாறுவது கேட்கும். நம் கெலுலுட்டுக்கு அந்த வித்தை கிடையாது. செண்டுடோக் என்று நினைத்துப் பூ வெள்ளையாகவும் பழம் நீலமாகவும் இலை முழுக்க முடியாகவும் இருந்தால் அது வேறு, கிளிடேமியா, அமெரிக்கச் செடி.

---

பழைய லேப் எழுதியது:

மருமகளே, உங்கள் சந்தேகம் சரி. சாலை நடுவே நடுவது ஸ்பாக்னேட்டிகோலா ட்ரைலோபாட்டா, பழைய பெயர் வெடேலியா, தென்னமெரிக்கா பக்கத்துச் செடி. நிஜ மஞ்சள் கரிசலாங்கண்ணி அதே பேரினத்தில் கேலண்டுலேசியா என்ற இனம். பூவை மட்டும் பார்த்தால் மாமியார் சொல்வதில் தப்பே இல்லை, இரண்டும் அவ்வளவு ஒன்றுபோல இருக்கும். இலையைக் காட்டுங்கள். சாலைச் செடியின் இலையில் இரண்டு பக்கமும் ஒரு பல் நீண்டு மூன்று மடலாகத் தெரியும், மேல்பக்கம் பளபளக்கும். கரிசலாங்கண்ணியின் இலை ஒடுக்கமாக, நீளமாக, மடல் இல்லாமல் இருக்கும்.

வெள்ளைக் கரிசலாங்கண்ணி எக்லிப்டா, அதைத் தப்பாக எடுக்கவே முடியாது. தண்டைக் கிள்ளிக் கசக்கினால் சாறு கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். விதையின் தலையில் பறக்கிற முடியும் இருக்காது. அது வடிகாலோரத்தில் தானாகவே முளைக்கும், அதைப் பிடுங்கி வந்து தொட்டியில் வைத்துக் கொடுத்துவிடுங்கள், சண்டை முடிந்தது. எப்படியிருந்தாலும் சாலை நடுவே பறித்ததைச் சமைக்க வேண்டாம். எந்தச் செடி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அங்கேயும் மருந்து அடிக்கிறார்கள், லோரிப் புகை வேறு.

சூரியகாந்திக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று சேர்த்துவிடுகிறேன், பட்டியல் போடுகிறவருக்கு உதவும். இந்தக் குடும்பத்தில் மகரந்தத்தை வைத்து மல்லுக்கட்டாதீர்கள், எல்லாமே சின்ன முள் உருண்டைதான். விதையை எடுங்கள், அங்கேதான் சங்கதி இருக்கிறது. காப்பால் தெர்பாங் செடி என்கிறோமே, குரோமோலேனா, அதன் விதைக்குத் தலையில் மெல்லிய முடிக்கற்றை. பூ தூரத்தில் அதே மாதிரி தெரிகிற அஜெரேட்டம், தாஹி ஆயாம், அதன் விதைக்கு முடி இல்லை, ஐந்து செதில்கள் கூர்நுனியோடு நிற்கும். கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு வருவது பைடென்ஸ், இரண்டு மூன்று ஊசி, ஊசியில் பின்னோக்கிய முள். சினெட்ரெல்லா என்று ஒன்று லயத்து வாசலெல்லாம் முளைக்கும், அதில் ஒரே பூத்தலையில் இரண்டு வகை விதை: ஓரத்தில் இருப்பது தட்டையாக, விளிம்பு கிழிந்த சிறகோடு, நடுவில் இருப்பது ஒல்லியாக இரண்டு ஊசியோடு. மிக்கானியா கொடியில் ஒவ்வொரு குட்டித் தலையிலும் நாலே நாலு பூ, எண்ணிப் பாருங்கள், நாலுக்கு மேல் இருக்காது.

---

பெர்ஜுந்தை தேன்காரன் எழுதியது:

ரொம்ப நன்றி சார், அக்கா, தம்பி. ஸ்பிரிட்டில் கழுவி வைத்ததும் எல்லாம் தெளிவாகிவிட்டது. முதல் கொடி பெரிய உருண்டை, முள் நெருக்கமாக, 10 லென்ஸிலேயே விளிம்பில் தெரிகிறது. புல்லி இதழ் முற்றிய காயில் நன்றாகவே பின்னால் மடங்கியிருக்கிறது, விதை சாம்பல். இரண்டாவது கொடியில் முள்ளே கிடையாது, உருண்டையும் சின்னது. புல்லி இதழ் தம்பி சொன்ன மாதிரியே மொட்டை நுனியும் நடுவில் ஒரு முனையும். காய் சுருக்கம். ஆகவே சிறுதாளி ஒன்று, ஹெடரேசியா ஒன்று என்று எழுதிக்கொண்டேன்.

ஆனால் கட்டைக்குள் போகிற கெலுலுட்டின் காலிலிருந்து மகரந்தத்தைத் தட்டி எடுத்துப் பார்த்தால் இந்த இரண்டு கொடியும் காணவே காணோம். சிலதில் மிக மிகச் சின்ன உருண்டைகள் நாலு நாலாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன, 40 லென்ஸில்தான் தெரிகிறது. சிலதில் முக்கோணம் மாதிரி வழவழப்பாக இருக்கிறது, முள் இல்லை. இதெல்லாம் என்ன? பக்கத்தில் அக்கேசியா மங்கியம் மரமும் உண்டு.

---

செர்டாங் தாவரம் எழுதியது:

நாலு நாலாக ஒட்டிய மிகச் சின்னது தொட்டாற்சிணுங்கி அண்ணே, செமாலு. அந்த நாலும் சேர்ந்தே 10 மைக்ரான் அளவுதான் வரும், மகரந்தத்திலேயே மிகச் சின்ன வகை அது. அக்கேசியா என்றால் நாலு இல்லை, பதினாறு சேர்ந்த கட்டியாக இருக்கும். அக்கேசியா கட்டி தெரியவில்லை என்பதால் கெலுலுட் அங்கே போகவில்லை என்று எழுதிவிடாதீர்கள். மங்கியத்தில் தேன் சுரப்பது பெரும்பாலும் இலைக்காம்பின் அடியில் இருக்கிற சுரப்பியில், பூவைத் தொடாமலே தேன் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம், மகரந்தச் சாட்சி கிடைக்காது.

சிறுதாளி காலில் வராததற்குக் காரணம் அந்த முள்ளாகவே இருக்கலாம். காலில் கூடை வைத்திருக்கிற தேனீக்களுக்குப் பெரிய முள் மகரந்தத்தைப் பிசைந்து உருண்டை பிடிப்பது கஷ்டம், முள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே நிற்கும். தேனுக்காகப் போயிருக்கும், தூளை உதறிவிட்டு வந்திருக்கும்.

---

பழைய லேப் எழுதியது:

அந்த முக்கோணம் உங்கள் வேலிக்கு அந்தப்புறமே இருக்கிறது தம்பி. செம்பனையின் ஆண் பாளை. பாளை விரிந்த காலையில் அடியில் போய் நின்று முகர்ந்து பாருங்கள், சோம்பு வாசனை அடிக்கும், பொடி வண்டு மொய்க்கும். அந்த வண்டை 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து இங்கே விட்டார்கள், அதற்கு முன்பு பல தோட்டங்களில் ஆள் வைத்துத்தான் பெண் பாளைக்கு மகரந்தம் தூவினார்கள், டால்கம் மாவில் கலந்து. அந்த வேலை செய்த பாட்டிகள் உங்கள் ஊரில் இன்னும் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆண் பாளையிலிருந்து கொஞ்சம் தூளை நேராக எடுத்துத் தகடு போட்டு வையுங்கள். செமாலுவுக்கும் அப்படியே, சிறுதாளிக்கும் அப்படியே. தகட்டின் ஓரத்தில் செடியின் பெயர், தேதி, எந்த இடம் என்று எழுதி ஒட்டுங்கள், அதே செடியின் ஒரு கிளையைப் பூ, காயோடு அழுத்திக் காயவைத்துக் கூடவே வையுங்கள். பெயர் நாளைக்கு மாறினாலும் காய்ந்த கிளை இருந்தால் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம்.

---

லயத்து மருமகள் எழுதியது:

இலையைக் காட்டினேன் சார். மூன்று மடல்தான். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் இன்றைக்குக் கீரைக்காரரிடம் முருங்கை வாங்கியிருக்கிறார். எக்லிப்டா எங்கள் பின்கட்டு வடிகாலிலேயே இருக்கிறது, கசக்கினேன், விரல் கறுத்துவிட்டது, இன்னும் போகவில்லை.

தேன்காரத் தம்பி, எங்கள் பக்கம் அடுத்த வாரம் மருந்துச் சுற்று, உங்கள் பக்கமும் அதையொட்டித்தான் வரும். வலையை எடுத்து வையுங்கள்.